கழுத்து வரை பெட்ரோல்

1

ஒவ்வோர் ஆண்டும் எனக்கு முதலில் வந்து சேரும் பிறந்தநாள் வாழ்த்து அரசாங்கத்தினுடையது. நாங்கள் வசிக்கும் அமெரிக்க மாநிலத்தில் காரின் பதிவு, அதன் உரிமையாளர் பிறந்த நாளோடு முடிகிறது. ஆறு வாரம் முன்பே கடிதம் வந்துவிடும்: வண்டியைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்று வாங்கி, பதிவைப் புதுப்பித்துக்கொள்ளவும். கீழே கையெழுத்து இருக்காது. ஆனால் ஒரு வருடமும் தவறியதில்லை. உறவினர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஆறு வாரத்தில் நாலரை வாரத்தை வழக்கம்போல வீணாக்கினேன். நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் எட்டு வருடம் நிருபராக இருந்தவள்; பக்கம் முடியும் நேரம் நெருங்காமல் எனக்குக் கை ஓடாது. பிறந்தநாளுக்குப் பதினோரு நாள் இருந்த திங்கட்கிழமை மாலை, காய்கறி வாங்கித் திரும்பும் வழியில், வேகமுள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு குட்டி எஞ்சின் படம் எரிந்தது.

"செக் எஞ்சின்" என்றாள் மீரா, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தலையைத் தூக்காமலே எப்படிட்டீ பாத்தே?"

"நீ மூச்சை இழுத்தியே. வேற எதுக்கு இழுப்பே?"

வண்டி எப்போதும்போல ஓடியது. சத்தம் இல்லை, புகை இல்லை. விளக்கு மட்டும் அணையவில்லை.

மீரா என் மகள். பதினெட்டு வயது. நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. விடுதிக்குள் நுழைய வேண்டிய நாள் அடுத்த வாரச் சனிக்கிழமை. என் பிறந்தநாள் அதற்கு முந்தைய வெள்ளி. வெள்ளிக்குள் வண்டி சோதனையில் தேறாவிட்டால் சனிக்கிழமை அதைச் சாலையில் இறக்க முடியாது. கணவர் தன் வண்டியோடு டெக்சாஸில் ஒரு கட்டுமான வேலையில் இருந்தார். "வாடகைக்கு எடுத்துக்கோ" என்றார் போனில். கல்லூரிகள் திறக்கும் வாரம் அது. விசாரித்ததில் எங்கள் வட்டாரத்தில் வாடகைக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு லாரி.

மீராவிடம் தீர்வு தயாராக இருந்தது. "எமிலி வீட்டு வேன்ல இடம் இருக்கும்மா. அவ அப்பா அம்மா கொண்டு விடுவாங்க. நீ டென்ஷன் ஆகாத." எமிலி அவளோடு விடுதி அறையைப் பகிரப் போகும் தோழி. அந்த வார வியாழக்கிழமைக்குள் வருகிறேன், இல்லை என்று சொன்னால் போதுமாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று மாதமாக நான் மனதில் வைத்திருந்தது விடுதியை அல்ல, அந்த நான்கு மணி நேரத்தை. ஒரே வண்டிக்குள் அவளும் நானும், இறங்கிப் போக வழியில்லாமல். இதை அவளிடம் சொல்லவில்லை. "பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

2

சோதனை நிலையம் என்பது ஒரு பழைய டயர்க் கடையின் முற்றத்தில் போட்ட தகரக் கொட்டகை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். நடத்துபவர் பெயர் வால்டர். எழுபதை நெருங்கும் வயது, காதில் எப்போதும் ஒரு பென்சில். செவ்வாய் காலை போனேன்.

நம் ஊரில் புகை சர்டிபிகேட் எடுத்தவர்களுக்குத் தெரியும். பெட்ரோல் பங்குக்கு ஓரமாக ஒரு வேன் நிற்கும். புகைக் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகுவார்கள், எஞ்சினை உறும விடுவார்கள், நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுப்பார்கள், காகிதம் கைக்கு வந்துவிடும். வால்டர் புகைக் குழாயின் பக்கமே போவதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, வண்டியிடமே கேட்கிறார். அங்கே வண்டியைச் சோதிக்கிறார்கள். இங்கே பேட்டி எடுக்கிறார்கள். என் வண்டி எதையும் மறைக்கவில்லை.

"விளக்கு எரியும்போது நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். தோல்வி என்று மூன்று இடத்தில் அச்சிட்ட தாளை நீட்டினார். பழைய பழக்கத்தில் அதில் பிழை தேடினேன். இரண்டாம் பத்தியில் ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டிருந்தது. அதனால் எனக்கு எந்தப் பயனும் இல்லை.

"பழுதை நீக்கிக் கொண்டுவாருங்கள். ஆனால் விளக்கை அழித்துவிட்டு நேராக இங்கே வராதீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்திருக்க வேண்டும். முடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும்" என்றார்.

அவகாசம் கிடைக்குமா என்று அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இருபத்தைந்து நிமிடம் பியானோ கேட்டபின் ஒரு பெண் வந்தார். கிடைக்கும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, படிவத்தோடு பழுதுபார்த்த கடையின் ரசீது வேண்டும் என்றார். என்ன பழுது என்றே இன்னும் தெரியாது என்றேன். தெரிந்தபின் மறுபடி அழைக்கச் சொன்னார். குரலில் உண்மையான கனிவு இருந்தது.

3

என்ன பழுது என்று கண்டுபிடித்தவள் மீரா. ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது இணையத்தில் வாங்கிய, தீப்பெட்டி அளவுள்ள கருவி ஒன்று அவளிடம் இருந்தது. வால்டர் வயர் செருகிய அதே இடத்தில் அதைச் செருகினாள். போனில் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் வந்தன.

"பெட்ரோல் ஆவியைப் பிடிக்கிற சிஸ்டத்துல ஏதோ அடைப்பு" என்றாள். பிறகு நான் கேட்காமலே விளக்கினாள்.

பெட்ரோல் சும்மா இருக்காது. வண்டி நிழலில் நின்றாலும் டேங்கிற்குள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை வெளியே விட்டால் காற்று கெடும். அதனால் டேங்கிலிருந்து ஒரு குழாய் வழியாக அந்த ஆவியை ஒரு டப்பாவுக்குக் கொண்டுபோகிறார்கள். டப்பா நிறையக் கரி. ஆவி கரியில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது ஒரு சின்ன வால்வு திறந்து, அதை இழுத்து எரித்துவிடும். எங்கேயாவது ஒழுகுகிறதா, அடைத்திருக்கிறதா என்று வண்டி அவ்வப்போது தானே குழாய்களை மூடி அழுத்தம் பார்த்துக்கொள்ளும். மூடி சரியாக இறுகாமல் இருந்தால்கூட விளக்கு எரியும். நம் மூடி இறுகித்தான் இருக்கிறது. கோளாறு உள்ளே.

பங்குக்குப் போனாலே மூக்கை விரித்து இழுக்கிறோமே, அந்த வாசனையைத்தான் இத்தனை ஏற்பாடு செய்து பிடித்து வைக்கிறார்கள்.

ஆனால் நான் கவனித்தது வேறு. இரண்டு வருடமாக மீரா என்னிடம் பேசும் வாக்கியங்கள் பெரும்பாலும் இரண்டு சொல்லைத் தாண்டுவதில்லை. சாப்டாச்சு. லேட்டாகும். அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் வந்ததில்லை. இப்போதோ ஏழெட்டு நிமிடம், கையை ஆட்டி, காகிதத்தில் படம் போட்டு. நான் குறுக்கே பேசவில்லை. பேட்டியில் ஆள் சரளமாகப் பேச ஆரம்பித்துவிட்டால் பேனாவைக்கூடச் சத்தமாக நகர்த்தக் கூடாது.

4

புதன் காலை எட்டு மணிக்கு சாகுல் காக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். குளச்சலில் மாலை ஐந்தரை. எங்கள் நாளிதழ் அலுவலகத்து ஜீப்பை ஓட்டியவர் அவர். பிறகு பதினைந்து வருடம் சவூதியில், தம்மாமில் மெக்கானிக். இப்போது குளச்சலில் சொந்தமாக ஒர்க்ஷாப். அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அந்த முறைதான்.

"மக்களே, அங்க இப்பந்தானே விடிஞ்சிருக்கு? அதுக்குள்ள விளிக்கே? ஆருக்காவது சொகமில்லியா?"

"வண்டிக்குத்தான் காக்கா."

"அப்பம் சந்தோசம். சொல்லு."

சொன்னேன். மீரா போனில் வந்த எண்ணையும் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"பெட்ரோல் போட்ட ஒடனே ஸ்டார்ட் ஆக மடிக்கா?"

உண்மைதான். இரண்டு மாதமாக, பங்கிலிருந்து கிளம்பும்போது மட்டும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டுத்தான் புறப்பட்டது. மற்ற நேரங்களில் ஒன்றுமில்லை.

"மக்களே, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். பங்க்ல குழாய் டக்குன்னு நின்ன பெறவு நீ என்ன செய்யுவே?"

நான் போனை வேறு கைக்கு மாற்றினேன். பக்கத்திலிருந்து மீரா சொன்னாள்:

"இன்னும் அஞ்சு வாட்டி அமுக்குவாங்க மாமா. அப்புறம் காரைப் பிடிச்சு ஆட்டுவாங்க. அப்புறம் மறுபடி அமுக்குவாங்க. உள்ள பெட்ரோல் கண்ணுக்குத் தெரியணும். நான் சீட்டுக்குக் கீழே குனிஞ்சுப்பேன்."

திரையில் சாகுல் காக்காவைக் காணவில்லை. ஒர்க்ஷாப்பின் ஓட்டுக்கூரையும், அதில் தொங்கிய ஒரு பல்பும் தெரிந்தன. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. போனை மறுபடி எடுத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அமெரிக்காவுக்குப் போயும் நீ அத விடலியா?"

"சொல்லிக் குடுத்தது ஆரு?"

"நாந்தான். இல்லேன்னு சொன்னேனா? அது ஜீப்புக்குச் சொன்னதுல்லா! இது வேற சாதனம். மனசிலாச்சா, குழாய் டக்குன்னு நிக்கதுன்னா, மதின்னு சொல்லுகு. மேல கொஞ்சம் எடம் விட்டு வச்சிருக்கது ஆவிக்கு. நீ அங்கயும் பெட்ரோல ஊத்தினா அது எங்க போவும்? பைப்பு வழி கரி டப்பாவுக்குள்ள போவும். காத்தப் பிடிக்க வச்ச கரி பெட்ரோல்ல முங்கிக் கெடக்கு. பின்ன எப்படி மூச்சு விடும்?"

மதி என்றால் எங்கள் பக்கத்தில் போதும் என்று பொருள். மீரா அந்தச் சொல்லை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

5

வாசகர்களுக்கு விளக்க வேண்டியது என் கடமை.

எங்கள் அலுவலக ஜீப் பங்குக்குள் நுழைந்தால் நாங்கள் எல்லாரும் இறங்கிவிடுவோம். டேங்க் நிரம்பிவிட்டது என்று பங்க்காரர் சொன்ன பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பம். போட்டோகிராபரும் நானும் பின்பக்க பம்பரில் ஏறி நின்று, சாகுல் காக்கா "ம்" என்றதும் குதிக்க வேண்டும். ஜீப் தொட்டில்போல ஆடும். உள்ளே சிக்கியிருந்த காற்று குமிழ் குமிழாக மேலே வரும். இன்னும் அரை லிட்டர் இறங்கும். பெட்ரோல் கழுத்தில் வந்து பளபளக்கும்வரை விடமாட்டார். மணவாளக்குறிச்சிப் பக்கத்து பங்க்காரர் ஒருமுறை பொறுக்காமல் கேட்டார்: "ஓய், இது பங்கா, ஊஞ்சலா?"

எனக்கு அது விளையாட்டாக இருந்தது, இனயம் என்ற மீனவ ஊருக்குப் போய்வந்த நாள் வரை.

ஏழு பேரோடு போன படகு ஒன்று நான்கு நாளாகத் திரும்பவில்லை. எஞ்சின் பழுதாகி எங்கோ மிதக்கிறது என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. ஐந்தாம் நாள் மதியம் நான் இனயம் கரையில் நின்றபோது அது வந்தது. ஏழு பேரும் உயிரோடு. அப்படி ஒரு கூட்டத்தை, அப்படி ஒரு சத்தத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. பதினொரு பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கு என் மொபெட்டில் கிளம்பினேன். மற்ற பத்திரிகைக்காரர்கள் யாரும் இல்லை. மாலை ஏழு மணிக்குப் பக்கம் முடியும்.

கடியப்பட்டணத்துக்குத் திரும்பும் சாலை அருகே மொபெட் நின்றது. டேங்க் காலி. காலையில் பார்க்கவில்லை. அரைமணி நேரம் தள்ளினேன். வலைக்கூடம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து, விஷயத்தைக் கேட்டு, தன் பைக்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்து ஊற்றினார். "ஏழு பேரும் வந்தாச்சா? எல்லாரும்?" என்று இரண்டு முறை கேட்டார். அலுவலகத்துக்குள் நான் நுழைந்தபோது மணி ஏழே கால். செய்தி ஆசிரியர் மூலையில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். நான்கு வரி.

பதினொரு பக்கம், நான்கு வரி. அன்றிலிருந்து நான் டேங்கைக் கழுத்து வரை நிரப்புகிறவள் ஆனேன். முள் பாதிக்குக் கீழே இறங்குவதைப் பார்த்து இருபது வருடமாகிறது.

6

பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால் அடுத்த வாரம் புதன்கிழமைதான் பார்ப்போம் என்றார்கள். "மூணு நட்டு, மூணு பைப்பு, ஒரு பிளக்கு. இதுக்குக் கடையா? நீங்களே களத்துங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் சாகுல் காக்கா. இணையத்தில் வாங்கிய புது டப்பாவும் வால்வும் அந்த வாரமே வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. சனி காலை, பக்கத்து வீட்டில் வாங்கிய இரண்டு சாய்பலகைகளில் பின்சக்கரங்களை ஏற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தாயும் மகளும் வண்டிக்குக் கீழே படுத்தோம். போனைச் சக்கரத்தில் சாய்த்து வைத்திருந்தோம்.

"இப்பம் எனக்கு உன் செருப்பு தெரியுது. மக்களே, வண்டியக் காட்டு" என்றார்.

மீரா போனைத் திருப்பினாள். "இதுவா மாமா, இந்தக் கருப்புப் பெட்டி?"

"அதுதான். பைப்ப இழுக்காத, கிளிப்ப அமுக்கு. பைய. பைய. ஆங், கொள்ளாம்! நீ ஒங்கம்மா மாதிரி இல்ல, கை அடக்கம் இருக்கு."

டப்பா கழன்று என் நெஞ்சின்மேல் இறங்கியது. தேங்காய் மூட்டைபோலக் கனத்தது. அசைத்தால் உள்ளே ஏதோ சளசளத்தது. ஒரு முனையிலிருந்து பெட்ரோல் சொட்டியது. குற்றம் நிரூபணமாகிவிட்டது. புது டப்பாவைக் கையில் வாங்கியபோது அதில் பாதி எடைகூட இல்லை.

"உள்ள இருக்கது சிரட்டைக்கரி மாதிரிதான்" என்றார் சாகுல் காக்கா. "இஸ்திரிப் பெட்டியில போடுவாங்களே, அத இன்னும் பக்குவம் செஞ்சு எடுக்கது. சில எடத்துல மரம், சில எடத்துல சிரட்டை. நம்ம பக்கத்துலேருந்தும் ஏத்தி அனுப்புகாங்க."

"சிரட்டைன்னா?" என்றாள் மீரா.

"தேங்கா ஓடு" என்றேன்.

"அப்போ நம்ம ஊர்த் தேங்கா இதுக்குள்ள இருக்கலாமா?"

"இருக்கலாம். உறுதிப்படுத்தப்படாத தகவல்."

அவள் சிரித்த வேகத்தில் தலை வண்டியின் அடியில் இடித்தது. குளச்சலில் இருந்து "ஐயோ மக்களே" என்று ஒரு குரல் வந்தது.

7

புது டப்பா மாட்டியாகிவிட்டது. மீரா கருவியால் பழைய பழுது எண்ணை அழித்தாள், விளக்கும் அணைந்தது. இனி வண்டி தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனைகள் ஒவ்வொன்றும் முடிய முடிய அவள் போனில் பச்சைக் குறி விழும். மற்றவை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஆவிச் சோதனைதான் பிடிவாதக்காரன். இரவு முழுக்க வண்டி அசையாமல் நிற்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினோடு கிளம்பி ஒரே சீராக ஓட வேண்டும். முக்கியமாக, டேங்க் நிரம்பி வழிந்தாலும் ஆகாது, வற்றிக் கிடந்தாலும் ஆகாது. பாதியைச் சுற்றி இருக்க வேண்டும்.

என் டேங்க் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, பெட்ரோலைக் குறைப்பதற்காகவே வண்டி ஓட்டினோம். என் வாழ்க்கையில் இது முதல் தடவை. ஞாயிறு முதல் தினமும் காலை ஆறரைக்கு, நான் நூலகத்து வேலைக்குக் கிளம்பும் முன், எங்கும் போகாத பயணம். மாலையில் இன்னொன்று. மீரா போனைப் பார்க்க வேண்டும், நான் சாலையைப் பார்க்க வேண்டும். அதனால் ஆள் இரண்டு பேர் தேவைப்பட்டது.

முதல் நாள், முள் முக்காலைத் தாண்டி இறங்கியது. என் கை தானாக வலப்பக்கம் திருப்பும் விளக்கைப் போட்டது. வலப்பக்கம் பங்க் இருந்தது.

"அம்மா. நோ."

"சும்மா பாத்தேன்."

"எதுக்கு இவ்வளவு பயம்? மூணு மைலுக்கு ஒரு பங்க் இருக்கு."

நான் இனயத்துக் கதையைச் சொன்னேன். மேலே நீங்கள் வாசித்த அளவுதான். அவள் பிறந்து பதினெட்டு வருடத்தில் அவளிடம் அதைச் சொன்னதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லி முடித்ததும் கேட்டாள்: "நாலு வரிதான் வந்துச்சு. மீதி பதினொரு பக்கம்?"

"நோட்டு போச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு."

"சொல்லு."

திங்கட்கிழமை ஒரு பக்கம், செவ்வாய் இரண்டு. அவள் கேள்விகள் நல்ல நிருபரின் கேள்விகளாக இருந்தன. படகை முதலில் பார்த்தது யார்? கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். அவள் வீட்டு ஆள் யாரும் அதில் இல்லை. எப்படி அடையாளம் தெரிந்தது? படகின் முகப்பு மட்டும் பச்சை, மீதியெல்லாம் நீலம், பெயிண்ட் தீர்ந்துவிட்டதாம். தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? மூன்றாம் நாள் மழை. தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள். ஏழு பேரில் இளையவருக்கு எத்தனை வயது?

"உன்னை விட ரெண்டு வயசு கூட."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு அவளாகவே பேசினாள். புது ஊரில் வழி தெரியாமல் போனால் யாரைக் கேட்பது என்று பயமாக இருக்கிறது என்றாள். எமிலிக்குப் பதினோரு மணிக்கே விளக்கை அணைத்துவிட வேண்டும், தனக்கு அப்படித் தூக்கம் வராது என்றாள். தன் தமிழைக் கேட்டு உறவுக்காரப் பிள்ளைகள் சிரித்ததால்தான் ஊருக்குப் போன் பேசுவதை நிறுத்தினாள் என்பதை அன்றுதான் அறிந்தேன். "சாகுல் மாமா சிரிக்கல" என்றாள்.

புதன்கிழமை முள் பாதியில் நின்றது. வியாழக்கிழமை எல்லாப் பச்சைக் குறியும் விழுந்துவிட்டது, ஆவிச் சோதனையைத் தவிர. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது கேட்டாள்: "கரையில காலை வச்சதும் முதல்ல என்ன பேசினாங்க?"

"நாளைக்கு."

"அம்மா!"

தொடர்கதையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

8

வெள்ளிக்கிழமை. பிறந்தநாள், பதிவின் கடைசி நாள். ஆறரைக்குக் கிளம்பினோம். மீராவின் போனில் அந்த ஒரே குறி இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில், முன்னால் போன பால்லாரியைக்கூட முந்தாமல் ஓட்டினேன்.

"இன்னிக்கும் வரலேன்னா எமிலிகிட்ட சொல்லிரு" என்றேன். முடிந்தவரை சாதாரணமாக.

"நேத்தே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வேன்ல வரலன்னு."

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன். "இது பாஸ் ஆகலேன்னா?"

"பஸ் இருக்கு. ஆறு மணி நேரமாம். ரெண்டு சீட் பாத்து வச்சிருக்கேன்."

"உன் பெட்டி, மெத்தை, விளக்கு, அவ்வளவும்?"

"பாதியை விட்டுட்டுப் போவேன். அந்த ஏழு பேர் என்ன பேசினாங்கன்னு நீ இன்னும் சொல்லலியே."

அதற்குப் பிறகு அந்தக் குறி பச்சையானாலும் ஆகாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். ஆனது. ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மீரா கத்திய கத்தலில் நான் பிரேக்கைத் தொட்டுவிட்டேன்.

வால்டர் கொட்டகையைத் திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். வயரைச் செருகினார், பார்த்தார், பென்சிலைக் காதில் வைத்தார். "முழு உண்மையையும் சொல்லிவிட்டது" என்றார். தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தவர், என் உரிமத்தையும் பார்த்தார். "இனிய பிறந்தநாள்." அரசாங்கத்துக்கு அடுத்தபடியாக வாழ்த்தியவர் அவர்.

பதிவை அன்றே இணையத்தில் புதுப்பித்து, சனிக்கிழமை காலை வண்டியின் பின்கண்ணாடி தெரியாத அளவுக்குச் சாமான் ஏற்றினோம். ஊர் எல்லையைத் தாண்டியதும் மீரா சாய்ந்து உட்கார்ந்தாள். "ம். சொல்லு."

சொன்னேன். கரையில் அத்தனை பேரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். கடைசியாக இறங்கியவர் ஒல்லியான ஆள். ஐந்து நாள் கடலில் கிடந்தவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, கரையைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, பைனல் என்னாச்சு?" அவர் கடலுக்குப் போன மறுநாள் ஊர் டீமுக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். "ரெண்டுக்கு ஒண்ணு, நாமதான்!" என்று கரை பதில் கத்தியது. அவர் கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் மல்லாந்து விழுந்தார். மறுபடியும் ஓடிப்போய்த் தூக்க வேண்டியதாயிற்று.

மீரா சிரித்து முடிக்க இரண்டு மைல் ஆயிற்று. "இதையா நாலு வரியில போட்டாங்க?"

"இது அந்த நாலு வரியில வரல."

பாதி வழியில் முள் கால் டேங்குக்கு வந்தது. நான் பதறவில்லை, அதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன். பங்கில் நிறுத்தினோம். மீரா இறங்கிக் குழாயைப் பிடித்தாள். டக். பம்பில் ஓடிய எண்கள் முழு டாலராக வராமல் எங்கோ நடுவில் நின்றன. என் கை தானாகக் குழாயை நோக்கி நீண்டது. அவள் குழாயை எடுத்து அதன் இடத்தில் மாட்டினாள். மூடியை மூன்று சொடுக்குக் கேட்கும்வரை திருகினாள். பிறகு போனை எதிரே இருந்த குப்பைத்தொட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பின்பக்கம் போனாள்.

"அம்மா, வா."

"எதுக்கு?"

"ஏறு."

இரண்டு பேரும் பம்பரில் ஏறி நின்று, மெத்தைகளும் பெட்டிகளும் குலுங்க, அந்தக் காரை ஆட்டினோம். அடுத்த பம்பில் நின்றவர் தன் வேலையை மறந்து பார்த்தார். இந்தத் தடவை அவள் ஒளிந்துகொள்ளவில்லை.

வீடியோவை அனுப்பிய ஒரு நிமிடத்தில் குளச்சலிலிருந்து குரல் பதிவு வந்தது. பின்னணியில் ஏதோ எஞ்சின் இரைந்தது. "ஏட்டி, ஏட்டி! நிறுத்துங்க! இன்னும் ஊத்துகியளா? ஒரு டப்பாவ நாசமாக்கினது போதாதா?"

மீரா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"இல்ல மாமா. முதல் டக்குலயே மதி."